செம்மண் விழுங்கிய டிஏபி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இரண்டு ஏக்கர் சரளைச் செம்மண் வைத்திருக்கிறீர்கள். ஆறு வருடமாக நிலக்கடலைக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) போடுகிறீர்கள். மூன்று தடவை மண் பரிசோதனை செய்தும் மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, நேராக 'குறைவு' என்றே வருகிறது. கண்மாய்க்குக் கீழே இருக்கும் உங்கள் பங்காளியோ டிஏபி மூட்டையைத் தொடாமலே நெல் எடுக்கிறார். 'நான் போட்டதெல்லாம் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். மழையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் அறிய நினைப்பது வேறு என்று படுகிறது. ஒரே ஊரில், ஒரே மழையில், ஒரு மண் வாங்கியதைத் திருப்பித் தர மறுக்கிறது, இன்னொன்று கேட்காமலே தருகிறது. அது ஏன்? நான் மண் பரிசோதனைக் கூடத்தில் 24 வருடம் வேலை பார்த்தவன். இப்போது ஊரோடு வந்து ஒன்றரை ஏக்கரில் கடலையும் உளுந்தும் போடுகிறேன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

மழைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். யூரியாவைப் பற்றிக் கேட்டிருந்தால் நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி. யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு கீழே இறங்கும், காற்றோடும் போகும். மணிச்சத்து அப்படியில்லை. அது ஆவியாகாது. செம்மண்ணில் டிஏபி குருணை விழுந்த இடத்திலிருந்து ஓரிரு அங்குலத்தைத் தாண்டி நகர்வதே அபூர்வம். கரைந்து போவது மிகமிகக் கொஞ்சம். ஆனால் மண்ணே போனால் அதுவும் போகும். ஐப்பசியில் மேட்டு நிலத்திலிருந்து சிவப்பாக ஓடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு, மண்ணின் நைசான பகுதி. மணிச்சத்து அதிகமாக ஒட்டியிருப்பதும் அந்த நைசான பகுதியில்தான். அது வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போய் வண்டலாகப் படிகிறது, மடை திறந்தால் கொஞ்சம் வயலுக்கும் வருகிறது. உங்கள் பங்காளி டிஏபி வாங்காததில் உங்கள் மூட்டைக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கலாம்!

சரி, மீதி எங்கே? கணக்குப் போடுவோம். மூட்டை 50 கிலோ. அதன்மேல் 18-46 என்று போட்டிருக்கும், 18 தழைச்சத்து, 46 மணிச்சத்து. அந்த 46 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில் சொல்வது. அப்படிப் பார்த்தால் மூட்டையில் 23 கிலோ, அதை 2.29ஆல் வகுத்தால் அசல் பாஸ்பரஸ் 10 கிலோ. ஆறு வருடத்தில் ஏக்கருக்கு 60 கிலோ உள்ளே போயிருக்கிறது. கடலை ஒரு வெள்ளாமைக்கு மூன்றிலிருந்து ஐந்து கிலோ வரை எடுக்கும். கொடியையும் மாட்டுக்கு அள்ளிப் போனீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் வெளியே போனது 18 முதல் 30 கிலோ. பாக்கி 30 கிலோவாவது இருக்க வேண்டும். நிலம் ஓரளவு சமமாக இருந்து வரப்பும் சரியாக இருந்தால் அந்தப் பாக்கி மேல் அரை அடி மண்ணிலேயே இருக்கிறது என்று தைரியமாகச் சொல்வேன். அதைச் செடி எடுக்க முடியாத விதத்தில் மண் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி வைத்திருக்கிறது என்பதை வார்த்தையில் விளக்குவதைவிட, கூடத்தில் நான் பலருக்கும் செய்து காட்டிய ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். மூன்று பாட்டில் எடுப்பேன். ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் கமுதிப் பக்கத்துக் கரிசல், ஒன்றில் நம்ம ஊர்ச் சரளைச் செம்மண். மூன்றிலும் ஒரே அளவு பாஸ்பேட் (தண்ணீரில் மணிச்சத்து இருக்கும் வடிவம்) கரைசலை ஊற்றி, இரவு முழுக்கக் குலுக்கும் எந்திரத்தில் வைத்துவிடுவேன். காலையில் வடிகட்டினால் மூன்று குடுவையிலும் தெளிந்த தண்ணீர்தான் நிற்கும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. மாலிப்டேட் கலவையைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பாஸ்பரஸ் இருந்தால் நீலம் வரும், எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக வரும். மணல் குடுவை துணிக்குப் போடும் நீலம் கரைத்த மாதிரி ஆகிவிடும். கரிசல் குடுவையில் வெளிறிய நீலம். செம்மண் குடுவை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஒருமுறை இதைப் பார்த்த பெரியவர் ஒருவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் மண்ணு முழுங்கிருச்சா?" என்றார். ஆமாம், அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

விழுங்கியது இரும்பு. ஆத்தங்குடி கல்லுக்கும் பழைய வீட்டு ரெட் ஆக்ஸைடு தரைக்கும் சிவப்பு கொடுப்பது இரும்பு ஆக்ஸைடு. நம் செம்மண்ணுக்கும் செம்புராங்கல்லுக்கும் நிறம் கொடுப்பதும் அதன் வகையறாக்கள்தான். கூடவே அலுமினிய ஆக்ஸைடுகளும் இருக்கும். பல லட்சம் வருட மழை சுண்ணாம்பையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போனபின் மிஞ்சியவை இவை. இந்தத் துகள்களின் மேற்பரப்பில் பாஸ்பேட் வெறுமனே ஒட்டுவதில்லை, இரும்போடு நேராகப் பிணைந்துகொள்கிறது. மண் எவ்வளவு புளிப்பாக இருக்கிறதோ, அதாவது பி.எச். எவ்வளவு குறைகிறதோ, பிடி அவ்வளவு இறுகும். இதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் சில மணி நேரத்தில் வேகமாக மேலே ஒட்டிக்கொள்வது ஒன்று, அடுத்து வரும் மாதங்களில் மெதுவாகத் துகளுக்குள்ளேயே நுழைந்துவிடுவது இன்னொன்று. மேலே ஒட்டியிருப்பது கல்லாப்பெட்டிப் பணம் மாதிரி, கேட்டால் வரும். உள்ளே போனது நம் வீடுகளில் மூன்று சாவி போட்டுத் திறக்கும் பெட்டகத்துக்குள் போனது மாதிரி. இருக்கிறது, ஆனால் இன்றைய செலவுக்கு ஆகாது.

இன்றைய செலவு எவ்வளவு என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. நல்ல ஈரத்தில் அதில் ஒன்றேமுக்கால் லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். வேர் உறிஞ்சுவது அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டும்தான். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால் (பல நிலங்களில் இதுதான் நிலவரம்) ஒரு ஏக்கர் முழுவதற்கும் 9 கிராம்கூடத் தேறாது. கடலைக்கு வேண்டியது 4 கிலோ. 105 நாள் பயிருக்குள் அந்தத் தண்ணீரில் உள்ள மணிச்சத்து 450 தடவை காலியாகி, 450 தடவை நிரம்ப வேண்டும், அதாவது தினம் நாலு தடவை. ஆகவே மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எடுக்க எடுக்க எவ்வளவு சுருக்காக ஊறுகிறது என்பதே பெரிது. தோட்டத்துக் கிணறு மாதிரிதான். ஆழத்தைப் பார்த்து மோட்டார் வாங்க மாட்டோம், ஊற்றைப் பார்ப்போம். செம்மண் ஊற்று மெதுவானது. போட்ட வருடத்தில் போட்டதில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் செடிக்குப் போய்ச் சேரும் என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பது இதனால்தான்.

இனி பங்காளி வயல். அங்கே இருப்பதும் பெரும்பாலும் இதே இரும்புதான். வித்தியாசம் தண்ணீர். புழுதியில் விதைத்த நெல்லுக்குக் கண்மாய்த் தண்ணீர் பாய்ந்து நிற்க ஆரம்பித்ததும், இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் காற்று தீர்ந்துவிடுகிறது. அங்கே உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசையும், அதன்பின் இரும்பையும் பயன்படுத்திக்கொள்ளும். அப்போது இரும்பு துரு வடிவத்தை விட்டுக் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. மேற்பரப்பே கரையும்போது அதில் பிணைந்திருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. கூடவே மண்ணின் பி.எச். நடுநிலையை நோக்கி நகர்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான். கார்த்திகையில் அவர் வயலில் இறங்கி ஒரு நெல் தூரைப் பிடுங்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்த மண் சாம்பல் நிறத்தில், லேசான பச்சை கலந்து இருக்கும். வேரை அலசினால் அதன்மேல் மட்டும் காவிப் பூச்சு. நெல் தன் வேர் வழியாகக் கொஞ்சம் காற்றை வெளியே விடுவதால், கரைந்த இரும்பு அங்கே வந்து மறுபடி துருவாகிறது. ஒரே கைப்பிடிச் சேற்றில் இரும்பு கரைவதும் உறைவதும் சேர்ந்து நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இன்றும் இது சலிக்காத காட்சி.

இதே வேலை ஊரணியிலும் நடக்கிறது. கோடையில் அடிச்சேற்றில் காற்று தீர்ந்ததும் இரும்பு பாஸ்பேட்டை விட்டுவிடுகிறது, தண்ணீர் பச்சையாகிறது. குடிதண்ணீர் ஊரணியில் கால் கழுவக்கூட விடாத பழைய கட்டுப்பாட்டில் சுத்தத்தோடு இதுவும் அடங்கிவிடுகிறது. சோப்புத் தண்ணீரும் சாணியும் போகாத ஊரணியில் பாசி பிடிக்க அவ்வளவாகச் சரக்கு இருக்காது.

பங்காளிக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுங்கள். தையில் அறுத்துவிட்டு அதே வயலில் உளுந்து விதைத்தால் நிலைமை தலைகீழ். தண்ணீர் வடிந்து காற்று புகுந்ததும் கரைந்த இரும்பு புதுத் துருவாகப் படியும். இந்தப் புதுத் துரு பொடிப்பொடியாக இருப்பதால் பழையதைவிட மேற்பரப்பு அதிகம், பாஸ்பேட்டைப் பிடிக்கும் வேகமும் அதிகம். நெல்லுக்குத் தாராளமாகக் கொடுத்த வயல் உளுந்துக்குக் கஞ்சத்தனம் காட்டுவது இதனால்தான். நெல் தரிசு உளுந்துக்கு 2 சதவீத டிஏபி கரைசலை இலைவழியாகத் தெளிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முந்தின சாயங்காலமே கொஞ்சம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒரு தடவையும் பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவையும் தெளிக்க வேண்டும். மண்ணையே தொடாமல் செடிக்குக் கொடுக்கும் வழி இது.

மற்ற மண்களைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் வேகமாகச் சொல்கிறேன். கரிசலில் பிடிக்கிற ஆள் சுண்ணாம்பு. பாஸ்பேட் முதலில் ஓரளவு கரையக்கூடிய கால்சியம் உப்பாக இருந்து, நாளாக ஆகக் கரையாத வகையாக மாறுகிறது. சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) கிடக்கும் நிலத்தில் இது அதிகம். களர் நிலத்தில் சோடியத்தோடு சேர்ந்த பாஸ்பேட் நன்றாகக் கரையும், அதனால் பரிசோதனையில் மணிச்சத்து தாராளம் என்று வரும். அங்கே பயிரைக் கெடுப்பது வேறு விஷயம். தொண்டிப் பக்கத்துக் கடற்கரை மணலில் பிடிப்பதற்கே ஒன்றும் இல்லை. அங்கு மட்டும் நீங்கள் பயந்த மாதிரி உரம் தண்ணீரோடு இறங்கிப் போகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.

உங்கள் மண் பரிசோதனை அட்டையில் உள்ள 'குறைவு' என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்? நம் கூடங்களில் பொதுவாகச் செய்வது ஓல்சன் முறை. 1954ல் சுண்ணாம்பு மண்ணை மனதில் வைத்து உருவானது, சோடியம் பைகார்பனேட் கரைசலில் மண்ணைக் குலுக்குவார்கள். புளிப்பு மண்ணுக்கு 1945ல் வந்த பிரே முறை உண்டு. எந்த முறையானாலும் பெட்டகத்தை உடைத்து எண்ணுவதில்லை, கல்லாவைத் தட்டிப் பார்க்கிறது. மணிச்சத்து ஏக்கருக்கு 4.5 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 9க்கு மேல் என்றால் அதிகம் என்று தமிழ்நாட்டில் எழுதுகிறோம். 4.4 வந்தவருக்கும் 1.5 வந்தவருக்கும் ஒரே சொல்தான். ஆகவே சொல்லை விட்டுவிட்டு மூன்று அட்டையிலும் எண்ணைப் பாருங்கள். 2லிருந்து 4க்கு வந்திருந்தால் உங்கள் பணம் வீணாகவில்லை, மண் மெதுவாக நிரம்பி வருகிறது. பி.எச். எண்ணையும் பாருங்கள். நீங்கள் அதை எழுதாததால் உங்கள் மண் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. செம்மண் என்றாலே புளிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பல வருடம் ஆழ்துளைக் கிணற்று உவர்த் தண்ணீர் பாய்ந்த செம்மண்ணில் பி.எச். 8ஐத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிறத்தை மட்டும் பார்த்து எல்லாச் செம்மண்ணுக்கும் ஒரே பரிந்துரை எழுதியவன்தான் நானும்.

என்ன செய்யலாம் என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது முதலில். விசிறிப் போடுவதை நிறுத்துங்கள். விசிறினால் ஒவ்வொரு குருணையும் நாலு பக்கமும் புது இரும்பைச் சந்திக்கிறது. விதை வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் தள்ளி, விதையைவிடக் கொஞ்சம் ஆழத்தில் சால் பிடித்துப் போட்டால், அந்த வரிசையில் உள்ள இரும்பு நிறைந்துபோய் மீதி வேருக்குக் கிடைக்கும். விதையோடு ஒட்டிப் போடாதீர்கள், டிஏபியிலிருந்து வரும் அம்மோனியா முளையைக் கருக்கும்.

இரண்டாவது, கடலைக்கு டிஏபி தேவையா என்றே யோசியுங்கள். மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டில் பென்டாக்சைடு கணக்கில் 24 கிலோ மணிச்சத்து இருக்கிறது, ஒரு மூட்டை டிஏபிக்குச் சமம். அதோடு கடலைக்கு வேண்டிய கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகிறது, டிஏபியில் இரண்டும் இல்லை. குறையும் தழைச்சத்து 9 கிலோ, 20 கிலோ யூரியா போட்டால் ஈடாகிவிடும். சூப்பர் போட்டாலும் 40, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவதை விடாதீர்கள். (இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906ல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் தொடங்கியது. அந்த நிறுவனத்தை 1981ல் வாங்கிய முருகப்பா குடும்பம் நம்ம பள்ளத்தூர்க்காரர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஊர்ப்பெருமை விடமாட்டேன் என்கிறது.)

மூன்றாவது தொழு உரம். அது மக்கும்போது வரும் அமிலங்கள் இரும்பில் பாஸ்பேட் உட்கார வேண்டிய இடத்தில் தாங்கள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஏக்கருக்கு 300 கிலோ நன்றாக மக்கிய சாண எருவோடு போட வேண்டிய சூப்பரைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் மூடி வைத்துப் போடுவதை ஊட்டமேற்றிய தொழு உரம் என்போம். மானாவாரிச் செம்மண்ணுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், என் நிலத்திலும் இதைத்தான் செய்கிறேன். கோடையில் ஆட்டுக்கிடை அமர்த்த முடிந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

இனி அவ்வளவு உறுதியில்லாதவை. பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரம்) ஆய்வகத் தட்டில் கரையாத பாஸ்பேட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் போடும், பார்க்க அழகாக இருக்கும். வயலில் பலன் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறுகிறது. எருவோடு கலந்து ஈரத்தில் போட்டால் போடுங்கள், ஆனால் அதை நம்பி உரத்தைப் பாதியாக்க வேண்டாம். வேர்ப்பூஞ்சாணத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை. அதன் இழைகள் வேர் எட்டாத இடத்துக்கும் போய் மணிச்சத்தைக் கொண்டுவரும், கடலை அதோடு நன்றாகச் சேரும் பயிர். ராக் பாஸ்பேட் (பாஸ்பேட் பாறைத் தூள்) விலை மலிவு என்று யாராவது சொன்னால் பி.எச். பார்க்காமல் வாங்காதீர்கள். புளிப்பு மண்ணில் மெதுவாகக் கரையும், 7க்கு மேல் போனால் கல்லாகவே கிடக்கும். சுண்ணாம்பு இடுவதும் அப்படித்தான், 5.5க்குக் கீழே இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். கண்மாய் வண்டல் உரிய அனுமதியோடு கிடைத்தால் சரளை நிலத்துக்கு நல்லது, ஈரமும் நிற்கும். ஆனால் ஒரு கைப்பிடியைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு டிராக்டரைக் கூப்பிடுங்கள்.

டிஏபியை அடியோடு நிறுத்திவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அட்டையை வைத்து அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது, உங்கள் நிலத்தையே கேட்க வேண்டும். வருகிற ஆடிப் பட்டத்தில் நிலத்தின் நடுவில் நாலு வரிசையை மணிச்சத்து உரம் எதுவும் போடாமல் விடுங்கள், மற்றதெல்லாம் பக்கத்து வரிசைக்குச் செய்வது மாதிரியே. வரப்போரமோ, மாடு கட்டிய இடமோ, மரத்தடியோ வேண்டாம். முப்பதாம் நாள் இலையைப் பாருங்கள். மணிச்சத்துக் குறைவில் இலை மஞ்சளாகாது, மங்கிய கரும்பச்சையாகிச் செடி குட்டையாக நிற்கும். பிடுங்கும்போது இந்த நாலு வரிசையையும் பக்கத்து நாலு வரிசையையும் தனித்தனிச் சாக்கில் கட்டி, காய்ந்தபின் எடை போட்டு, அட்டையில் உள்ள பி.எச். எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். அடுத்த வருடத்து உரக் கணக்கை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.